சுக்கான் இல்லாத ஊர்தி

மனிதன் தன் போக்குவரவுக்காக உண்டாக்கிக்கொண்ட ஊர்திகள் எல்லாவற்றிலும், செலுத்துவோன் விரும்பும் திசைக்குத் திருப்புகின்ற கருவி ஒன்று இன்றியமையாத உறுப்பாக அமைந்திருப்பதைக் காணலாம். வண்டிமாட்டுக்கு மூக்கணாங்கயிறும் குதிரைக்குக் கடிவாளமும் படகுக்குச் சுக்கானும் அத்தகைய கருவிகளே. இந்தப் பொதுவிதிக்கு வெளியே நிற்பது, 1783ஆம் ஆண்டில் பிரான்சில் முதன்முதலாக மனிதரைச் சுமந்து எழுந்து, இன்றளவும் விளையாட்டாகவும் ஆய்வுக் கருவியாகவும் நிலைத்திருக்கும் பலூன். தரையோடு கயிற்றால் பிணைக்கப்படாமலும் எந்திரம் பூட்டப்படாமலும் காற்றின் போக்கிலேயே செல்வதைக் கட்டற்ற பலூன் என்பர். அதில் ஏறியவன் மேலே செல்லலாம், கீழே இறங்கலாம். ஆனால் கிழக்கே போ என்றோ மேற்கே திரும்பு என்றோ அதற்குக் கட்டளையிட அவனிடம் எந்தக் கருவியும் கிடையாது. தன் பாதையைத் தானே வகுக்க முடியாத ஊர்தியில் தெரிந்தே ஏறுகிறவன், அந்தப் பயணத்தில் எதற்கு உரியவன், எதற்குப் பொறுப்பானவன் என்ற கேள்வி தொழில்நுட்பக் கேள்விபோலத் தோன்றினாலும், ஊழுக்கும் மனித முயற்சிக்கும் உள்ள உறவைப் பற்றிய பழைய கேள்வியே அதனுள் இருக்கிறது.

தமிழ்ச் சிந்தனை மரபு இந்தக் கேள்வியை நெடுங்காலமாகச் சுமந்து வந்திருக்கிறது. திருக்குறளின் அறத்துப்பால் ஊழ் என்னும் அதிகாரத்தோடு முடிய, பொருட்பாலின் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரமோ சோர்வில்லாத முயற்சியின் வலிமையைச் சற்றும் குறையாத உறுதியோடு பேசுகிறது. மணிமேகலையிலும் நீலகேசியிலும் விவரிக்கப்படும் ஆசீவகர்கள், நடப்பன யாவும் நியதியால் முன்பே வரையறுக்கப்பட்டவை என்றும், மனித முயற்சி அவற்றில் எதையும் மாற்றாது என்றும் கொண்டனர். பிற்கால வைணவத்தில், வேதாந்த தேசிகரை முதன்மையாகக் கொண்ட வடகலையாரும் பிள்ளை லோகாசாரியரை முதன்மையாகக் கொண்ட தென்கலையாரும், இறைவனிடம் சரணடையும் உயிருக்கு அதில் தன் பங்கு ஏதேனும் உண்டா என்பதில் வேறுபட்டனர். தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டு செல்லும் குரங்குக்குட்டியை முன்னவர்க்கும், தாய் வாயால் கவ்விச் செல்ல எதுவும் செய்யாமல் கிடக்கும் பூனைக்குட்டியை மற்றவர்க்கும் உரிய உவமையாகச் சொல்வது வழக்கம். புறநானூற்றின் 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் உயிரின் போக்கை ஆற்று வெள்ளத்தின் வழியே செல்லும் தெப்பத்துக்கு ஒப்பிட்டிருப்பதைத் தமிழர் பலரும் அறிவர்.

தெப்பமும் பலூனும் முதல் பார்வைக்கு ஒன்றே போலத் தோன்றும். இரண்டும் தம்மைச் சுமக்கும் பொருளின் ஓட்டத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவை. எனினும் அவற்றுக்கிடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆறு ஒரே திசையில் ஓடுவது. வானமோ, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ஆறுகள் பல திசைகளில் ஓடும் இடம். இந்த ஒரு வேறுபாட்டை ஊன்றி நோக்கினால், ஊழும் முயற்சியும் பற்றிய வழக்கில் பலூன் ஒரு புதிய சான்றைக் கொண்டுவந்து நிறுத்துவது விளங்கும்.

சரக்கா, மனிதனா

பலூன் மிதப்பதற்கான காரணம் எளியது. கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ, அதே அளவு ஹைட்ரஜனின் எடை ஏறத்தாழ 90 கிராம். ஆகவே ஹைட்ரஜன் நிரம்பிய உறை, தன்னுள் அடங்கிய ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஒரு கிலோவுக்குச் சற்று மிகுதியான சுமையைத் தூக்கவல்லது. 100 பாகை செல்சியசுக்குச் சூடாக்கப்பட்ட காற்று வெளிக்காற்றைவிடச் சற்றே இலேசாக இருப்பதால், கன மீட்டருக்கு ஏறத்தாழ கால் கிலோவை மட்டுமே தூக்கும். வெப்பக் காற்று பலூன்கள் அவ்வளவு பெரியனவாக இருப்பதற்கு இதுவே காரணம். 1783 ஜூன் 4 அன்று, தென்பிரான்சின் அன்னோனே என்னும் ஊரில், காகிதம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த மோங்கோல்பியே சகோதரர்கள், உட்புறம் காகிதம் ஒட்டிய துணித்துண்டுகளைப் பொத்தான்களால் இணைத்துச் செய்த உறையை ஊரார் முன்னிலையில் பறக்கவிட்டனர். புகைக்கே மேலெழும் தனித்தன்மை உண்டு என்று நம்பிய அவர்கள், புகை மிகுதியாக வரவேண்டும் என்று வைக்கோலையும் கம்பளி மயிரையும் எரித்தனர். காரணத்தைப் பிழையாக அறிந்திருந்தபோதும் விளைவு அவர்களுக்குக் கைகூடியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று இயற்பியலறிஞர் ழாக் ஷார்ல் பாரிசிலிருந்து ஆளில்லாத ஹைட்ரஜன் பலூன் ஒன்றை அனுப்பினார். அது கொனெஸ் என்னும் சிற்றூரில் வந்து விழுந்தபோது, வானிலிருந்து இறங்கிய அந்தப் பொருள் இன்னதென்று அறியாத ஊரார் அஞ்சி, அதைக் கவைக்கோல்களால் குத்திக் கிழித்தனர்.

செப்டம்பர் 19 அன்று வெர்சாய் அரண்மனையில் ஓர் ஆடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் கூடையில் ஏற்றி அனுப்பப்பட்டு உயிரோடு இறங்கிய பின், அடுத்து மனிதரை அனுப்புவது என்ற நிலை வந்தபோது, மன்னர் 16ஆம் லூயி தண்டனை பெற்ற குற்றவாளிகளை முதலில் அனுப்பிப் பார்க்கலாம் என்று கருதினார். பலூனில் ஏறுகிறவன் காற்றுக்கு ஒப்படைக்கப்பட்ட சரக்கு, அவன் பிழைத்தாலும் மடிந்தாலும் அதில் அவனுடைய பங்கு எதுவும் இல்லை என்ற கருத்து இந்த யோசனைக்குள் அடங்கியிருந்தது. பிலாத்ர் த ரோசியே என்னும் இளம் அறிவியலாளர் இதை மறுத்து, முதலில் வானேறும் பெருமை குற்றவாளிக்குப் போகக்கூடாது என்று வாதாடி, மார்க்கி தார்லாந்து என்னும் பிரபுவின் துணையோடு அந்த வாய்ப்பைப் பெற்றார். நவம்பர் 21 அன்று அவ்விருவரும் பாரிசின் மேற்கு எல்லையிலிருந்து எழுந்து, ஏறத்தாழ 25 நிமிடங்கள் நகரத்துக்கு மேலே மிதந்து, அதன் தென்பகுதியில் இறங்கினர். தார்லாந்து பின்னர் எழுதிய கடிதத்தின்படி, கீழே விரிந்த காட்சியில் அவர் மெய்ம்மறந்து நின்றபோது, இப்படி நின்றால் ஏறமுடியாது, நெருப்புக்கு வைக்கோல் போடுங்கள் என்று த ரோசியே அவரைத் தூண்ட வேண்டியிருந்தது. உறையில் தீப்பொறி பட்டுத் துளைகள் விழுந்தபோது நனைந்த கடற்பஞ்சால் அவற்றை அணைக்க வேண்டியும் இருந்தது. எந்தத் திசையில் போவது என்பதில் அவர்கள் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பாரிசின் கூரைகள்மீது விழாமல் மிதப்பதா என்பது, ஒவ்வொரு நொடியும் அவர்கள் கையிலிருந்த வைக்கோல் கட்டைப் பொறுத்திருந்தது. மன்னரின் யோசனைக்கு உரிய மறுமொழி வாதத்தால் தொடங்கி, அந்த 25 நிமிட உழைப்பால் நிறைவு பெற்றது எனலாம்.

காற்றுக்குள் காற்று இல்லை

பலூன் பயணத்தின் மிக வியப்பான உண்மை, அதில் செல்வோர்க்குக் காற்று வீசுவது தெரிவதில்லை என்பதாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினாலும், அந்தக் காற்றோடு அதே வேகத்தில் செல்லும் கூடைக்குள் மெழுகுவர்த்தியின் சுடர் ஆடாமல் நிற்கக்கூடும். விரித்த காகிதம் படபடப்பதில்லை. நாய் குரைப்பதும் கோழி கூவுவதும் கீழிருந்து தெளிவாகக் கேட்கும். வேகம் இருக்கிறது, ஆனால் வேகத்தின் உணர்வு இல்லை. கீழே நகரும் வயலையோ மேகத்தின் நிழலையோ பார்த்து ஒப்பிட்டால் மட்டுமே, எத்திசையில் எவ்வளவு விரைவாகக் கொண்டுசெல்லப்படுகிறோம் என்பது தெரியும். நிலத்தை மறைக்கும் மேகத்துக்குமேல் சென்றுவிட்டாலோ, பலூனோட்டிக்குத் தான் அசையாமல் நிற்பதாகவே தோன்றும்.

ஊழ் பற்றிய சிந்தனைக்கு இது பெரிய உதவி செய்கிறது. ஒருவர் பிறந்த குடும்பம், பேசும் மொழி, வாழும் காலத்தின் நம்பிக்கைகள் ஆகியவை அவரை ஒரு திசையில் கொண்டுசெல்கின்றன என்பதை அவர் பெரும்பாலும் உணர்வதில்லை. அவை அவர்மீது வந்து மோதுவதில்லை என்பதும், அவரும் அவற்றோடு சேர்ந்தே நகர்கிறார் என்பதுமே அதற்குக் காரணம். தம் சூழலோடு முழுதும் ஒத்துச் செல்பவர், தாம் எவற்றாலும் உந்தப்படாமல் தம் விருப்பப்படியே நடப்பதாக எண்ணுவது, மேகத்துக்குமேல் மிதக்கும் பலூனோட்டி தான் நிற்பதாக எண்ணுவதை ஒக்கும். ஊழை உணர்வதற்கே வெளியிலுள்ள ஒரு குறி தேவைப்படுகிறது. பிற நாட்டாரின் வாழ்க்கையும் பழைய நூல்களும் முதியோரின் நினைவும் அத்தகைய குறிகளாக அமையக்கூடும். அவற்றைப் பாராதவர்க்கு ஊழ் இல்லாமற்போவதில்லை, தெரியாமற்போகிறது.

இதே காரணத்தால்தான் பலூனில் பாய்மரம் கட்டுவதும் துடுப்பு வலிப்பதும் பயனற்றுப் போயின. பாய் புடைக்க வேண்டுமானால் அதன்மீது காற்று மோத வேண்டும். காற்றோடு போகும் பலூனில் மோதுவதற்குக் காற்றே இல்லை. 1785 ஜனவரி 7 அன்று ழான்-பியேர் பிளான்ஷாரும் ஜான் ஜெஃப்ரீசும் இங்கிலாந்தின் டோவரிலிருந்து கடற்கால்வாயைக் கடந்தபோது, பலூன் கடலை நோக்கி இறங்கத் தொடங்கவே, கொண்டுசென்ற துடுப்புகளையும் பிற கருவிகளையும், இறுதியில் அணிந்திருந்த மேலாடைகளையும் வீசியெறிந்து கரைசேர்ந்தனர். திசை திருப்புவதற்கென்று ஏற்றிய துடுப்புகள் அதற்குப் பயன்படவில்லை. எடையாக வெளியே எறியப்பட்டபோதே உதவின. 1870–71இல் பிரஷ்யப் படைகள் பாரிசை முற்றுகையிட்டபோது, நகரத்தினுள்ளிருந்து 66 பலூன்கள் ஆட்களையும் அஞ்சலையும் சுமந்து வெளியேறின. அவற்றுள் ஒன்று, நவம்பர் மாதத்து இரவொன்றில் எழுந்து, பிரான்சின் ஏதேனும் ஓர் ஊரில் இறங்குவதற்கு மாறாக, வடகடலைக் கடந்து நார்வேயின் பனிமலையில் இரண்டு மனிதரை இறக்கிவிட்டது. எந்தக் காற்றிலும் வெளியேற முடிந்த அந்நகருக்குள், எந்தப் பலூனும் திரும்பிவர இயலவில்லை. மறுமொழிகளைப் புறாக்களே கொண்டுவந்தன.

பற்றும் விடுதலையும்

காற்றின் ஆட்சியை ஏற்க மறுத்து, மிக நுட்பமாக ஆராய்ந்து அதை எதிர்த்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் சாலமன் ஆகஸ்ட் ஆந்த்ரே. பலூனில் வடதுருவத்துக்குச் செல்ல எண்ணிய அவர், காற்றைவிடப் பலூன் மெதுவாகச் சென்றால் மட்டுமே பாயின்மீது காற்று மோதும் என்பதை அறிந்திருந்தார். அதனால், கூடையிலிருந்து நீண்டு தரையில் உராயும் கனத்த கயிறுகளை இணைத்தார். இழுகயிறு எனத்தக்க இக்கயிறுகள் பனிமீது இழுபடும்போது பலூனின் வேகம் குறையும். அப்போது பின்னிருந்து வரும் காற்றைப் பாயால் ஏற்று, பயணத்தின் திசையைச் சில பாகைகளாவது திருப்பலாம் என்பது அவர் கணக்கு. தமிழில் பற்று என்னும் சொல் கையால் பிடிப்பதையும் மனம் ஒன்றோடு ஒட்டியிருப்பதையும் ஒருங்கே குறிக்கும். ஆந்த்ரேயின் கயிறு இரு பொருளிலும் பற்றுதான். வானில் செல்பவன் தன் விருப்பத்தைச் செலுத்த வேண்டுமானால் மண்ணோடு ஒரு பிடியை விடாமல் வைத்திருக்க வேண்டும் என்ற உண்மையை அது காட்டுகிறது.

1897 ஜூலை 11 அன்று, ஆந்த்ரேயும் நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெரி, க்னூட் ஃப்ரெங்கெல் ஆகிய இளைஞர் இருவரும், ஸ்பிட்ஸ்பெர்கனை ஒட்டிய டேன்ஸ் தீவிலிருந்து கழுகு என்று பெயரிட்ட ஹைட்ரஜன் பலூனில் புறப்பட்டனர். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே பலூன் நீர்மட்டத்துக்குத் தாழ்ந்தது. நடுவில் திருகி இணைக்கப்பட்டிருந்த இழுகயிறுகளின் கீழ்ப்பகுதிகள் முறுக்கவிழ்ந்து கழன்று விழுந்தன. அதே நேரத்தில் பலூனைக் கடலிலிருந்து காக்க அவர்கள் மணலையும் கொட்டினர். ஏறத்தாழ 530 கிலோ கயிறும் 210 கிலோ மணலும் சில நிமிடங்களில் போயின. அவ்வளவு எடை குறைந்த பலூன் திட்டமிட்டதைவிட மிக உயரத்துக்கு எழும்பி, அங்கே வாயுவை இழந்தது. பின்னர் மூடுபனிக்குள் தாழ்ந்து, உறையின்மேல் பனி படிந்து கனத்து, பனிப்பரப்பில் முட்டி மோதி, மூன்றாம் நாள் ஜூலை 14 அன்று நின்றுபோயிற்று. மூவரும் நகரும் கடற்பனியின்மீது மாதக்கணக்கில் நடந்தனர். தெற்கு நோக்கி அவர்கள் நடக்க, காலடியிலிருந்த பனிப்பாளமோ வேறு திசையில் மிதந்துகொண்டிருந்தது; வானில் விட்டுவந்த அதே நிலை பனியின்மீதும் அவர்களைத் தொடர்ந்தது. க்விட்யோயா என்னும் ஆளில்லாத தீவில் அவர்கள் இறந்தனர். 33 ஆண்டுகள் கழித்து, 1930இல் அவர்களின் உடல்களும் நாட்குறிப்புகளும் ஒளிப்படச் சுருள்களும் கண்டெடுக்கப்பட்டன. கழுவி எடுக்கப்பட்ட படங்களுள் ஒன்றில், பனிமீது சாய்ந்து கிடக்கும் பலூனின் அருகே இருவர் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

இந்த முடிவுக்குக் கயிறு கழன்றதை மட்டும் காரணமாகக் கொண்டால், அதை ஊழின் செயல் என்று கூறிவிடலாம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேயே, அந்தக் குழுவிலிருந்த வானிலை அறிஞர் நில்ஸ் ஏக்ஹோல்ம், உறையிலிருந்து ஹைட்ரஜன் கசியும் அளவைக் கணக்கிட்டு, இந்தப் பலூன் தேவையான நாட்கள் மிதக்காது என்று கூறி விலகிக்கொண்டார். 1896இல் சாதகமான காற்று வாராமல் முயற்சி கைவிடப்பட்டபின், நாட்டு மக்களின் எதிர்பார்ப்பையும் மன்னரும் ஆல்ஃபிரட் நோபலும் அளித்த பொருளுதவியையும் சுமந்துகொண்டு மறுபடியும் வந்து நின்ற ஆந்த்ரேக்கு, இம்முறை ஏறாமல் திரும்புவது வானில் ஏறுவதைவிடக் கடினமாக இருந்திருக்க வேண்டும். கட்டற்ற பலூனில் மனிதனுக்குள்ள மிகப் பெரிய சுதந்திரம், ஏறுவதா வேண்டாமா என்று தரையில் நின்று முடிவுசெய்வதாகும். கயிற்றை அவிழ்த்தபின் காற்றின் திசைக்கு அவன் பொறுப்பாளன் அல்லன்; அந்தக் காற்றில் அன்று ஏறியதற்கு அவனே முழுப் பொறுப்பாளன். ஊழின்மேல் பழியைப் போடுவோர் பெரும்பாலும் பயணத்தின் நடுவிலிருந்து கதையைத் தொடங்குகின்றனர். ஏக்ஹோல்ம் தரையில் செய்த கணக்கு, கதையை அதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

அடுக்கடுக்கான ஆறுகள்

காற்றை எதிர்க்காமலே பயணத்தைத் தேரும் வழி ஒன்று பலூனோட்டிகளுக்கு உண்டு. நிலத்தை ஒட்டிய காற்று மரங்களாலும் மலைகளாலும் தடைபட்டு மெதுவாக வீச, உயரம் கூடக்கூட அதன் வேகமும் திசையும் மாறுகின்றன. வட அரைக்கோளத்தில் பொதுவாக, மேலே செல்லச் செல்லக் காற்று வலப்பக்கமாகத் திரும்பும். ஆகவே உயரத்தை மாற்றுகிறவன் காற்றையே மாற்றிக்கொள்கிறான். 1972 முதல் ஆண்டுதோறும் பலூன் விழா நடக்கும் அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில், குளிர்ந்த காலைப்பொழுதுகளில் தாழ்வான காற்று தெற்கு நோக்கியும் அதற்கு மேலுள்ள காற்று வடக்கு நோக்கியும் வீசும் வழக்கம் உண்டு. தேர்ந்த பலூனோட்டி தாழப் பறந்து தெற்கே போய், உயர எழும்பி வடக்கே திரும்பி, புறப்பட்ட திடலுக்கு அருகிலேயே வந்திறங்குவதைக் காணமுடியும். போட்டிகளில் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து எழும் பலூனோட்டிகள், நிலத்தில் வரையப்பட்ட குறியை நோக்கி இவ்வாறே அடுக்கு அடுக்காக மாறிவந்து, எடை கட்டிய நாடா ஒன்றைக் குறிக்கு மிக அருகே எறிகின்றனர். ஏறுவதற்கு முன் சிறிய ஹீலியம் பலூன் ஒன்றை விட்டு, அது எந்த உயரத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்கொட்டாமல் பார்த்து நிற்பது, அவர்கள் அன்றாடம் செய்யும் ஆயத்தம்.

இந்தக் கலையின் உச்சமாக அமைந்தது, 1999 மார்ச் 1 அன்று சுவிட்சர்லாந்தின் ஷாத்தோ-டே என்னும் மலையூரிலிருந்து எழுந்து, எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றி, மார்ச் 21 அன்று எகிப்தின் பாலைவனத்தில் இறங்கிய பிரைட்லிங் ஆர்பிட்டர் 3 என்னும் பலூனின் பயணம். அதில் சென்றவர்கள் மனநல மருத்துவர் பெர்ட்ரான் பிக்காரும் ஆங்கிலேயர் பிரையன் ஜோன்சும். கிழக்கே போக வேண்டிய அவர்கள், முதலில் தென்மேற்கே ஆப்பிரிக்காவை நோக்கிச் சென்று, அங்கே கிழக்கு நோக்கி ஓடும் உயர்வேகக் காற்றோட்டத்தில் சேர்ந்துகொண்டனர். உயரே போனால் வேகம் கூடுமே என்று பிக்கார் வேண்டியபோது, தரையிலிருந்த வானிலை அறிஞர்கள் அதைத் தடுத்து, அந்த வேகம் பலூனை வடக்கே திருப்பிவிடும் என்று கூறி, தாழ்வாகவும் மெதுவாகவும் செல்லும் காற்றிலேயே இருக்கச் சொன்னதாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். எல்லாக் காற்றுக்கும் தன்னை ஒப்புக்கொடுப்பது சரணடைதல் ஆகாது. எந்தக் காற்றுக்கு ஒப்புக்கொடுப்பது என்று தேர்ந்து, அதில் பொறுமையோடு நிலைத்திருப்பதே அதன் உள்ளீடு என்பதை இந்தப் பயணம் விளக்குகிறது.

குரங்குக்குட்டி, பூனைக்குட்டி உவமைகளை இந்த ஒளியில் திரும்ப நோக்கலாம். இரண்டு குட்டிகளில் எதுவும் தாயின் பாதையை முடிவுசெய்வதில்லை. இறுகப் பற்றியிருக்கும் குரங்குக்குட்டியின் பிடிகூட, தாய் எந்தக் கிளைக்குத் தாவுவது என்பதை ஒரு விரற்கடை அளவும் மாற்றுவதில்லை. முயற்சி வேண்டும் என்ற மரபும், உயிரின் முயற்சி சுமப்பவளைச் செலுத்தும் என்று கருதவில்லை. சுமக்கப்படுவதற்குத் தன்னைத் தகுதியாக வைத்திருப்பதையே முயற்சி என்று கொண்டது. நெருப்புக்கு வைக்கோல் போட்ட தார்லாந்தின் உழைப்பும், தாழ்ந்த காற்றில் பொறுத்திருந்த பிக்காரின் உழைப்பும் அத்தகையவை. கூற்றைக் கூற்றாக வைத்துப் பார்த்தால் முரணாகத் தோன்றும் ஊழும் ஆள்வினையும், கூடைக்குள் ஏறி நின்று பார்த்தால், ஒன்று படுக்கைவாட்டிலும் மற்றது செங்குத்திலும் இயங்குவனவாகப் பிரிந்து நிற்கின்றன.

மணலின் கணக்கு

ஆயினும் உயரத்தைத் தேரும் அந்தச் சுதந்திரமும் வற்றாத ஊற்று அன்று. வாயு பலூனின் கூடையைச் சுற்றி மணல் மூட்டைகள் கட்டப்பட்டிருக்கும். மேலே எழ வேண்டுமானால் மணலைக் கொட்ட வேண்டும், கீழே இறங்க வேண்டுமானால் உச்சியிலுள்ள வால்வைத் திறந்து வாயுவை விட வேண்டும். எடையும் மிதப்பும் ஒத்து நிற்கும் நிலையில், சிறு கரண்டியளவு மணலே பலூனை எழுப்பப் போதுமானது. ஆனால் கொட்டிய மணலைத் திரும்பப் பெற முடியாது. விட்ட வாயுவையும் திரும்பப் பெற முடியாது. தேவைக்கு மேல் ஏறிவிட்டவன் வாயுவை விடுகிறான். அதனால் தேவைக்கு மேல் இறங்கி, மறுபடியும் மணலைக் கொட்டுகிறான். ஒவ்வொரு திருத்தமும் இரண்டு முறை விலை கேட்கிறது. பகல் வெயிலில் வாயு விரிந்து உறையின் கீழ்வாய் வழியே வழிந்துபோகும். இரவில் எஞ்சியது குளிர்ந்து சுருங்கப் பலூன் தாழும். அதைத் தாங்க மணல் செலவாகும். 1906இல் பாரிசில் தொடங்கிய கார்டன் பென்னெட் கோப்பைப் போட்டியில் வெற்றி, புறப்பட்ட இடத்திலிருந்து மிகத் தொலைவில் இறங்குபவருக்கே உரியது. அங்கே தேர்ச்சி என்பது பெருமளவுக்குச் செயல்படாமல் இருக்கும் ஆற்றலே; பலூன் தானே சமநிலை தேடிக்கொள்ளும் என்று அறிந்து கையைக் கட்டிக்கொண்டிருப்பவன், ஒவ்வோர் அசைவுக்கும் மணலைக் கொட்டுபவனைவிட ஓர் இரவு கூடுதலாக மிதக்கிறான்.

தேர்வு என்பது செலவு என்ற இந்த உண்மைக்கு அடியில் இன்னும் கடுமையான ஒன்று இருக்கிறது. 1875 ஏப்ரல் 15 அன்று ஜெனித் என்னும் பலூனில் பாரிசிலிருந்து எழுந்த காஸ்தோன் தீசாந்தியே, ஜோசஃப் க்ரோசே-ஸ்பினெல்லி, தெயோடோர் சிவெல் ஆகிய மூவர், மேல்வானை ஆராயும் நோக்கத்தோடு 8,000 மீட்டருக்கும் மேலே சென்றனர். மூச்சுத் திணறினால் பயன்படுத்த ஆக்சிஜன் பைகளும் குழாய்களும் அவர்களின் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தன. ஆக்சிஜன் குறையும்போது உடல் வலிப்பதில்லை, அச்சமும் தோன்றுவதில்லை. ஒளிவெள்ளத்தின் நடுவில் ஒரு மகிழ்ச்சி பரவியதாகவும், குழாயைப் பற்ற எண்ணியபோது கையை உயர்த்த முடியவில்லை என்றும், அதைப் பற்றிய கவலையும் எழவில்லை என்றும், உயிர் தப்பிய தீசாந்தியே எழுதிவைத்தார். அவர் நினைவு திரும்பியபோது மற்ற இருவரும் இறந்துகிடந்தனர். அவரும் செவிப்புலனை இழந்தார். உயரத்தைத் தேரும் உரிமை மனிதனுக்கு உண்டு, ஆனால் தேர்கின்ற மனமே ஓர் உயரத்துக்கு மேல் நிலைப்பதில்லை. அது அணையும்போது அணைவது தெரிவதுமில்லை. தன் முயற்சியால் எதையும் வெல்லலாம் என்போர்க்கும், முயற்சியே பொய் என்போர்க்கும் அந்தக் கூடை ஒரே விடையைத் தருகிறது: முயற்சி மெய்யானது, அது உயிர்வாழும் அடுக்கு குறுகியது.

இறக்கம்

நல்ல பலூனோட்டி மணல் முழுவதையும் வானத்தில் செலவிடுவதில்லை. இறக்கத்துக்கென்று சில மூட்டைகளைத் தொடாமல் வைத்திருப்பான். 1960இல் எட் யோஸ்ட் என்னும் அமெரிக்கர் நைலான் உறையும் புரொப்பேன் பர்னரும் கொண்டு புதுப்பித்த வெப்பக் காற்று பலூனிலும் இதே ஒழுக்கம் எரிவாயுவுக்குப் பொருந்தும். பர்னரைத் திறந்தபின் உள்காற்று சூடாகிப் பலூன் மறுமொழி தருவதற்குப் பல நொடிகள் ஆகும் என்பதால், தரை நெருங்கும்போது தேவையை உணர்ந்தபின் செயல்படுபவன் பிந்திவிடுகிறான். தேவைக்கு முன்பே செயல்பட்டவனே மெதுவாக இறங்குகிறான்.

கூடை நிலத்தைத் தொடும் கணத்தில்தான், பயணம் முழுவதும் இல்லாததுபோல இருந்த காற்று மீண்டும் காற்றாகிறது. நிலம் கூடையைப் பிடித்துக்கொள்ள, காற்று உறையைத் தள்ள, அதுவரை ஆடாத சுடரைப்போல் அமைதியாக வந்தவர்கள் புல்வெளியில் இழுத்துச் செல்லப்படலாம். பலூன் விபத்துகளில் பலவும் நிகழ்வது இந்த வேளையில்தான். ஊழோடு சேர்ந்து செல்லும்வரை அதன் வலிமையை அறியாதவன், நிற்க முயலும்போதே அதை முழுதாக அறிகிறான். நிற்பதற்கு உள்ள வழி ஒன்றுதான்: உறையின் உச்சியிலுள்ள பெருந்திறப்பை இழுத்துத் திறந்து, இத்தனை நேரம் கரண்டி கரண்டியாகக் காத்துவந்த மிதப்பை ஒரே மூச்சில் விட்டுவிட வேண்டும். எப்போது இறங்குவது என்பதையும் எதை விடுவது என்பதையும் தேர்ந்தவன், எங்கே இறங்கினோம் என்பதை அதன் பின்னரே, வயலில் ஓடிவரும் ஊராரைக் கேட்டு அறிந்துகொள்கிறான். தெரியாத ஊரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அந்தப் பணிவையும், மணலைக் கடைசிவரை காத்த அந்தக் கவனத்தையும் ஒருசேரக் கொண்ட மனத்துக்கு, ஊழா முயற்சியா என்ற கேள்வி இரண்டில் ஒன்றைத் தேரச் சொல்லும் கேள்வியாக இருக்காது.